எஃப்9டி டைமிங் ரிசீவருக்கு ஆன்டெனா: மொட்டைமாடி, 35 மீட்டர் கேபிள், எதை வாங்கலாம்?

#1 நேரக்காவலன்

எல்லோருக்கும் வணக்கம். கையில் யூ-பிளாக்ஸ் எஃப்9டி-10பி போர்டு இருக்கிறது. ஜிபிஎஸ் போன்ற சாட்டிலைட்டுகளிடமிருந்து துல்லிய நேரம் எடுக்கும் ரிசீவர், எல்1 (1575 மெகாஹெர்ட்ஸ்), எல்5 (1176 மெகாஹெர்ட்ஸ்) என்ற இரண்டு அலைவரிசை வகை. செகண்டுக்கு ஒன்றாக வரும் அதன் பிபிஎஸ் துடிப்பை வைத்து ஓர் ஓசிஎக்ஸ்ஓ-வை (வெப்பம் மாறாமல் வைத்த குவார்ட்ஸ் ஆசிலேட்டர்) பூட்டி 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் எடுக்க வேண்டும். அதே பெட்டியில் நெட்வொர்க்குக்கு நேரம் கொடுக்கும் என்டிபி சர்வரும் ஓடும்.

இடம் சென்னைப் புறநகர், மூன்று மாடிக் கட்டடம், ரேக் தரைத்தளத்தில். மொட்டைமாடியிலிருந்து ரேக் வரை 35 மீட்டர். ஏற்கெனவே ஆர்ஜி-58 இழுத்திருக்கிறது. மேலே காருக்கு ஒட்டுகிற காந்த பக் ஆன்டெனா, எல்1 மட்டும், கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 28 டெசிபெல் என்று போட்டிருக்கிறது. லாக் ஆகிறது. ஆனால் தலைக்கு மேலே இருக்கும் சாட்டிலைட்டுக்குக்கூட சிக்னல் தரம் 38 டெசிபெல்-ஹெர்ட்ஸைத் தாண்டவில்லை.

மாடியில் தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, பக்கத்துக் கட்டடத்தில் மொபைல் டவர். நில அளவைக்கான சர்வே ஆன்டெனா தேவையா, கூம்பு வடிவ 'டைமிங் ஆன்டெனா' போதுமா, உலோக வளையங்கள் சூழ்ந்த சோக் ரிங் வரை போகணுமா? கேபிளை மாற்றுவது கட்டாயமா?

#2 அலைநீளம்

முதலில் எத்தனை நானோ செகண்ட் வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். என்டிபி-க்கு மைக்ரோ செகண்ட் போதும். மின்கட்டத்தில் அலையின் ஃபேஸை அளக்க வைக்கும் பிஎம்யு-வுக்கு 1 சதவீதப் பிழை எல்லை என்பது 50 ஹெர்ட்ஸில் 31.8 மைக்ரோ செகண்ட். ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பி வாங்கும் டிடிடி மொபைல் நிலையத்துக்கு ±1.5 மைக்ரோ செகண்ட். இதற்கெல்லாம் வானம் தெரிகிற எந்த ஆன்டெனாவும் போதும். சோக் ரிங் வாங்குவது வீண்செலவு. 20 நானோ செகண்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் ஆன்டெனாவின் தரம் கணக்கில் வரும். நீங்கள் 10 மெகாஹெர்ட்ஸ் எடுக்கப் போவதால் பாதி வழியில் நிற்கிறீர்கள்.

பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள்: ஆன்டெனா நிற்கும் இடம், கேபிள், அலைவரிசைகள், கடைசியாக ஆன்டெனாவின் வடிவம். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

உங்கள் 38-க்குக் காரணம் கேபிள். ஆர்ஜி-58 இந்த அதிர்வெண்ணில் மீட்டருக்குச் சுமார் 0.8 டெசிபெல் தின்னும். 35 மீட்டருக்கு 28. ஆன்டெனா கொடுத்த 28-ஐக் கேபிளே எடுத்துக்கொண்டது. 'கழித்தால் பூஜ்யம்தானே, நஷ்டமில்லையே' என்று நினைக்க வேண்டாம். ஆன்டெனா ஆம்ப்ளிஃபையரின் நாய்ஸ் ஃபிகர் (அது தானே சேர்க்கும் இரைச்சல்) 2 டெசிபெல், ரிசீவருடையது 5 என்று வைப்போம். கேபிளும் ரிசீவரும் சேர்ந்து 33 டெசிபெல், அதாவது 2000 மடங்கு. முன்னாலுள்ள 631 மடங்கு கெயினால் அதை வகுத்தால் 3.2. ஆன்டெனாவின் 1.6-ஐயும் கூட்டினால் 4.8 வருகிறது, மொத்த நாய்ஸ் ஃபிகர் 6.8 டெசிபெல். வானத்தின் வெப்பநிலை குறைவு என்பதால் சிக்னல் தரத்தில் இது ஏறக்குறைய 6 டெசிபெல் இழப்பாகத் தெரியும்.

இதே ஆன்டெனாவைக் கேபிள் இழப்பு 10 டெசிபெல் உள்ள வயரில் மாட்டினால் பின்பகுதியின் பங்கு 0.05. இல்லை என்றே சொல்லலாம். ஆன்டெனா கெயினில் கேபிள், ஸ்ப்ளிட்டர் இழப்பெல்லாம் போக 15 முதல் 35 டெசிபெல் வரை ரிசீவர் வாயில் மிஞ்சினால் போதும். அதற்கு மேல் கெயின் ஏற்றினால் சிக்னல் தரம் ஒரு புள்ளிகூட ஏறாது.

#3 மாடிக்கம்பம்

சார், இடத்தைப் பத்தி நான் சொல்றேன். கைப்பிடிச் சுவர் மேல ஆன்டெனாவை வைக்கிறதுதான் எல்லாரும் பண்றது. அதுதான் மோசமான இடம். படிக்கட்டு அறைக்கு மேல தளம் இருந்தா அங்க போங்க. ஒன்றரை அங்குல ஜிஐ பைப், தளத்துலேருந்து ஒரு மீட்டர் உயரம், அடியில பேஸ் பிளேட், நாலு ஆங்கர் போல்ட். தண்ணீர்த் தொட்டியோட மூடியைவிட ஆன்டெனா உயரமா இருக்கணும். தொட்டி பிளாஸ்டிக்தானேன்னு விட்டுடாதீங்க, உள்ள இருக்கிற தண்ணி சிக்னலை நல்லாவே திருப்பி அடிக்கும். தண்ணி மட்டம் ஏறி இறங்குறப்ப பிரதிபலிப்பும் மாறும்.

பைப்பைக் குண்டு வெச்சு நேரா நிறுத்துங்க. ரெண்டு டிகிரி சாய்வால ஒண்ணும் ஆகாது, ஆனா காத்துல ஆடுற கம்பம் தொல்லை. மூணு மீட்டர் உயரத்துல மெல்லிசு பைப் போட்டு ஸ்டே கம்பி கட்டுறதைவிட ஒரு மீட்டர் தடிச்ச பைப் மேல்.

தெற்குல மறைப்பு இருந்தா பதறாதீங்க. நம்ம ஊரு நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். சாட்டிலைட் எல்லாத் திசையிலும் வரும், தலைக்கு மேலயும் நிறைய வரும். ஐரோப்பாக்காரங்க எழுதுற 'தெற்கு வானம் திறந்திருக்கணும்'ங்கிற விதி இங்க செல்லாது. 15 டிகிரிக்குக் கீழ இருக்கிறதை ரிசீவர்லயே வெட்டி விட்டுடுங்க.

#4 நேரக்காவலன்

நன்றி. கேபிளை மாற்றுவது என்று வைத்துக்கொண்டால் எல்எம்ஆர்-400 தடிமன் அதிகம், பழைய குழாயில் வளையாது. டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 போடலாமா? அது 75 ஓம் ஆயிற்றே?

#5 குவார்ட்ஸ்பிரியன்

தாராளமாகப் போடலாம். 75 ஓம் கேபிளை 50 ஓம் வாயில் மாட்டினால் பிரதிபலிப்புக் குணகம் 0.2. ஒரு முனையில் இழப்பு 0.18 டெசிபெல், மறக்கலாம். டிரிம்பிள் தண்டர்போல்ட் என்ற ஜிபிஎஸ் கடிகாரப் பெட்டியே எஃப் கனெக்டர், 75 ஓம் கேபிள் என்று வந்ததுதான். நீங்கள் யோசிக்க வேண்டியது இழப்பை இல்லை, இரட்டைப் பிரதிபலிப்பை. ரேக் முனையில் திரும்பிய சிக்னல் மேலே போய் அங்கே மறுபடி திரும்பி வரும். ஆனால் 35 மீட்டரைக் கூடுதலாக இரு முறை கடப்பதில் 20 டெசிபெல் போகும், இரண்டு முனைகளிலும் 14 + 14 போகும். வந்து சேரும்போது 48 டெசிபெல் கீழே. மூன்று மீட்டர் கேபிளானால் இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். நீளமான கேபிளுக்கு இழப்பே காவல்.

1575 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு எல்எம்ஆர்-400 சுமார் 17, ஆர்ஜி-6 சுமார் 28, எல்எம்ஆர்-240 சுமார் 33 டெசிபெல். அதாவது உங்கள் நீளத்துக்கு 6, 10, 11.5. எல்எம்ஆர்-240-ஐவிட ஆர்ஜி-6 குறைவாக இழக்கிறது, விலையோ பல மடங்கு குறைவு.

வாங்கும்போது கறுப்பு பாலிஎதிலீன் உறை போட்டதாகப் பாருங்கள். வெள்ளை பிவிசி உறை இந்த வெயிலில் வெடித்துவிடும், பிறகு மழை உள்ளே போகும். நடுக்கம்பி செம்பு பூசிய எஃகா என்று கவலைப்பட வேண்டாம். 35 மீட்டருக்கு நாலு ஓமுக்குள்தான் இருக்கும், ஆன்டெனாவுக்கு அதே கேபிளில் போகும் 30 மில்லிஆம்பியரில் 0.1 வோல்ட் விழும். கனெக்டர் மட்டும் கம்ப்ரெஷன் வகை, கருவி வைத்து அழுத்துவது. திருகி ஏற்றும் எஃப் கனெக்டர் மாடியில் ஒரு மழைக்காலம் தாங்காது.

டிஷ் கடையில் கிடைக்கும் லைன் ஆம்ப்ளிஃபையரை நடுவில் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 950 முதல் 2150 வரை வேலை செய்வதால் நம் அலைவரிசைகள் உள்ளேதான் இருக்கின்றன. ஆனால் அது 13 முதல் 18 வோல்ட் எதிர்பார்க்கும். ரிசீவர் தரும் சில வோல்ட்டில் உயிர் பெறாது.

#6 அலைநீளம்

ஆம்ப்ளிஃபையர் பற்றி இன்னொன்று. தரமில்லாத ஆம்ப்ளிஃபையர் தானே ஊசலாட ஆரம்பித்தால் உங்கள் ரிசீவரோடு அக்கம்பக்கத்து ரிசீவர்களும் சேர்ந்து விழும். 2001-ல் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் துறைமுகம் முழுவதும் ஜிபிஎஸ் போனதற்குக் காரணம் படகுகளில் இருந்த டிவி ஆன்டெனாக்களின் பிரீஆம்ப்தான். நடுவில் எதையும் செருகாமல், தேவையான கெயினை ஆன்டெனாவிலேயே வாங்குங்கள்.

அலைவரிசை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இருக்கும் இடத்தில் எல்1 மட்டும் உள்ள ஆன்டெனா, எஃப்9டி-யின் பாதித் திறமையைத் தூக்கி எறிவதாகும். காந்த நிலநடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-ல் ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். இந்தப் பகுதியில் அயனமண்டலம் (சிக்னலைத் தாமதிக்கும், மின்னேறிய மேல் வளிமண்டலம்) தடிமனாக இருக்கும், பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் காட்டும். அங்குள்ள எலக்ட்ரான் அளவைச் சொல்லும் ஒரு டெக் அலகுக்கு எல்1-ல் 16 செ.மீ., அதாவது 0.54 நானோ செகண்ட் தாமதம். சூரியச் செயல்பாடு அதிகமான ஆண்டுகளில் மதியம் 60 அலகைத் தாண்டுவது இங்கே புதிதல்ல. நேர் மேலே இருக்கும் சாட்டிலைட்டுக்கே 32 நானோ செகண்ட். தாழ்வான சாட்டிலைட்டுக்கு இரண்டு, மூன்று மடங்கு. ஜிபிஎஸ் ஒளிபரப்பும் குளோபுசார் என்ற திருத்தக் கணக்கு அதில் சுமார் பாதியைத்தான் களையும். மீதி, பகலில் ஏறி இரவில் இறங்கும் ஒரு மேடாக உங்கள் பிபிஎஸ்-ல் வந்து உட்காரும்.

எல்1-ஐயும் எல்5-ஐயும் சேர்த்து அளந்தால் அந்தத் தாமதத்தை ரிசீவரே கண்டுபிடித்துக் கழித்துவிடும். எல்5-க்கு இன்னொரு சிறப்பு: அதன் சிப் (சிக்னல் குறியீட்டின் ஒரு துண்டு) வேகம் செகண்டுக்கு 10.23 மெகாசிப், சிப் நீளம் 29 மீட்டர். எல்1-ன் வழக்கமான சி/ஏ குறியீட்டுக்கு 293 மீட்டர். தொட்டியிலும் சுவரிலும் பட்டு வரும் பிரதிபலிப்பு எல்5-ஐ அவ்வளவு ஏமாற்றாது. எல்2 அலைவரிசையின் எல்2சி குறியீட்டுக்கு இந்தச் சலுகை இல்லை, அதன் மொத்தச் சிப் வேகமும் 1.023-தான்.

#7 சந்தேகி_50ஓம்

எதிர்க்கருத்து ஒன்று. ஜிபிஎஸ்டிஓ-வில் (ஜிபிஎஸ்-ஆல் பூட்டிய ஆசிலேட்டர்) லூப் டைம் கான்ஸ்டன்ட், அதாவது சராசரி எடுக்கும் நேரம், நூற்றுக்கணக்கான செகண்ட். மேடு பள்ளமெல்லாம் சராசரியில் போய்விடாதா? எல்1/எல்2 இரட்டை ஆன்டெனா பழையது மலிவாகக் கிடைக்கிறது, அதைப் போட்டால் என்ன?

#8 குவார்ட்ஸ்பிரியன்

சராசரியில் போவது செகண்டுக்குச் செகண்ட் துள்ளும் நாய்ஸ் மட்டுமே. துடிப்பு ரிசீவரின் உள்கடிகாரப் படிகளில்தான் விழ முடியும் என்பதால் வரும் எஃப்9டி-யின் ரம்பப்பல் பிழை ±4 நானோ செகண்ட். அது போகும், அல்லது ரிசீவர் அனுப்பும் டிஐஎம்-டிபி செய்தியில் வரும் திருத்தத்தைக் கழித்தால் உடனே போகும். அயனமண்டல மேடு காலையில் கிளம்பி மதியம்தான் உச்சிக்குப் போகிறது. ஆறு மணி நேரத்தில் ஏறுகிற ஒன்றை 1000 செகண்ட் லூப் சராசரியாக்காது, பின்தொடரும். ஓசிஎக்ஸ்ஓ-வை அதற்கு மேல் தனியாக விட்டால் அதன் சொந்த நகர்வு வந்துவிடும். ரூபிடியம் அணுக்கடிகாரம் இருந்தால் ஒரு நாள் வரை இழுக்கலாம்.

எண்ணாகப் பாருங்கள். ஆறு மணி நேரத்தில் 30 நானோ செகண்ட் நகர்ந்தால் அதிர்வெண் பிழை 1.4×10⁻¹². உங்களுக்கு 10⁻¹¹ போதுமென்றால் நீங்கள் சொல்வது சரி, எல்1 கூம்பு ஆன்டெனாவோடு நிறுத்திக்கொள்ளலாம். பிபிஎஸ்-ஐ வேறொரு கடிகாரத்தோடு ஒப்பிடுவதாக இருந்தால் அந்த 30 நானோ செகண்ட் அப்படியே முகத்தில் தெரியும்.

எல்1/எல்2 ஆன்டெனா இவர் போர்டுக்கு ஆகாது. 10பி-க்கு வேண்டியது 1176.45 மெகாஹெர்ட்ஸ். பழைய சர்வே ஆன்டெனாக்கள் 1227.60-ஐச் சுற்றி மட்டும் திறந்திருக்கும், 1176 ஃபில்டரிலேயே மாட்டிக்கொள்ளும். யூ-பிளாக்ஸ் நிறுவனத்தின் ஆன்டெனாக்களிலேயே இந்தப் பொறி உண்டு: ஏஎன்என்-எம்பி என்பது எல்1/எல்2, ஏஎன்என்-எம்பி1 என்பது எல்1/எல்5. பெயரில் ஒரே ஓர் எண்தான் வித்தியாசம். மாற்றி வாங்கினால் எல்1 வழக்கம்போல் ஓடும், எல்5 பக்கம் வெறுமையாக இருக்கும், போர்டு கெட்டுவிட்டது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சரியான ஆன்டெனா போட்ட பிறகும் ஜிபிஎஸ் எல்5 மட்டும் காணோமே என்றால் அதுவும் பழுதில்லை. ஜிபிஎஸ் எல்5 இன்னும் முழுச் சேவைக்கு வராததால் 'ஆரோக்கியமற்றது' என்ற குறியோடுதான் ஒளிபரப்பாகிறது, ரிசீவர் அதை மதித்து ஒதுக்கிவிடும். அந்தக் குறியை மீறச் சொல்லும் அமைப்பை யூ-பிளாக்ஸ் தனியாக வெளியிட்டிருக்கிறது. அதே அலைவரிசையில் வரும் ஐரோப்பாவின் கலிலியோ இ5ஏ, சீனாவின் பெய்டோ பி2ஏ இரண்டும் எந்தத் தடையும் இல்லாமல் வரும்.

#9 நேரக்காவலன்

நம் நாட்டுச் சாட்டிலைட்டுகளான நாவிக்கும் எல்5-ல்தானே? அதை மட்டும் வைத்து ஓட்ட முடியுமா?

#10 அலைநீளம்

நாவிக் 1176.45-லும் எஸ் பேண்டில் 2492.028-லும் வருகிறது, 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 முதல் எல்1-லும் சேர்த்தார்கள். எல்5-ஐக் கடத்தும் ஆன்டெனா நாவிக்கையும் கடத்தும், தனியாக வாங்க வேண்டியதில்லை. ஆனால் முதல் தலைமுறைச் சாட்டிலைட்டுகளில் அணுக்கடிகாரங்கள் பழுதாகி, முழு எண்ணிக்கையில் வேலை செய்வதில்லை. துணையாக வைத்துக்கொள்ளுங்கள், முதுகெலும்பாக வேண்டாம்.

நேரத்துக்கு எல்லாச் சாட்டிலைட் குடும்பங்களையும் திறந்துவிடுவதும் நல்லதல்ல. ஒவ்வொன்றின் நேரத்துக்கும் இடையே நிலையான வித்தியாசம் உண்டு. ஆன்டெனா ஃபில்டரும் ஒவ்வோர் அதிர்வெண்ணையும் வெவ்வேறு அளவு தாமதிக்கும். ரஷ்யாவின் குளோனாஸ் சாட்டிலைட்டுக்குச் சாட்டிலைட் அதிர்வெண்ணை மாற்றுவதால் ஃபில்டர் ஓரத்தில் அந்த வித்தியாசம் நானோ செகண்ட் கணக்கில் வரும். ஜிபிஎஸ், கலிலியோ இரண்டோடு தொடங்குங்கள்.

#11 மாடிக்கம்பம்

டவர் பத்தி யாரும் பேசலையே. அதுதான் இவருக்குப் பெரிய தலைவலியா இருக்கும்னு தோணுது.

#12 அலைநீளம்

ஆமாம். கெயின் எவ்வளவு என்று பார்க்கும் முன் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் ஃபில்டர் இருக்கிறதா என்று தரவுத்தாளில் பாருங்கள். மலிவான பக் ஆன்டெனாவில் முதலில் ஆம்ப்ளிஃபையர், அப்புறம்தான் ஃபில்டர். டவரின் 900, 1800 மெகாஹெர்ட்ஸ் சக்தி முதல் டிரான்சிஸ்டரிலேயே புகுந்து அதைத் திணறடிக்கும், பின்னால் ஃபில்டர் இருந்து பயனில்லை.

700 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் இன்னொரு வில்லங்கம். அதன் டவுன்லிங்க் 758 முதல் 803 வரை. இரட்டித்தால் 1516 முதல் 1606, எல்1 அதற்குள் விழுகிறது. டவர் அந்த இரண்டாம் ஹார்மானிக்கை அனுப்புவதில்லை. ஃபில்டர் இல்லாத உங்கள் ஆம்ப்ளிஃபையரே அதை உற்பத்தி செய்யும். ஆன்டெனா பக்கத்தில் துருப்பிடித்த கிளாம்பு இருந்தாலும் அது டயோடு மாதிரி வேலை செய்து இதே ஹார்மானிக்கை உண்டாக்கும்.

முன்ஃபில்டர் வைத்த ஆன்டெனாவின் நாய்ஸ் ஃபிகர் 1.5-க்குப் பதில் 2.5, 3 என்று இருக்கும். தரவுத்தாளில் மோசமாகத் தெரியும் அந்த எண்தான் டவர் அருகே உங்களைக் காப்பாற்றும். பிசிடெல் டிஎம்ஜி வரிசையில் 'எச்ஆர்' என்று வருபவை இப்படிப்பட்டவை, ஆனால் அவை எல்1 மட்டும். மூன்று அலைவரிசைக்கு டாலிஸ்மேன் டிடபிள்யூ3972 போன்றவற்றைப் பாருங்கள். அந்த நிறுவனம் இப்போது காலியன் கையில்.

சோதிக்க ரிசீவரின் எம்ஓஎன்-ஆர்எஃப் செய்தியில் ஏஜிசி (தானியங்கிக் கெயின் கட்டுப்பாடு) எண்ணையும் ஜாமிங் குறியீட்டையும் ஒரு நாள் முழுக்கப் பதியுங்கள். எல்லாச் சாட்டிலைட்டும் ஒரே நேரத்தில் சரிந்தால் குறுக்கீடு. ஒன்றிரண்டு மட்டும் ஏறி இறங்கினால் பிரதிபலிப்பு அல்லது மறைப்பு.

#13 சந்தேகி_50ஓம்

பிரதிபலிப்புக்குச் சோக் ரிங்தானே சரியான மருந்து? அதை ஏன் எல்லோரும் தட்டிக் கழிக்கிறீர்கள்?

#14 குவார்ட்ஸ்பிரியன்

38 செ.மீ. விட்டம், நாலைந்து கிலோ எடை. கீழிருந்து வரும் சிக்னலை நன்றாகவே வெட்டும். அளவைக் கூடங்களில் அதற்கு இடமுண்டு. ஆனால் கிடைமட்டத்துக்கு மேலே நிற்கும் சுவரிலிருந்து வரும் பிரதிபலிப்பை அது ஒன்றும் செய்யாது, கம்பத்தை உயர்த்துவதுதான் செய்யும். கூம்பு மூடி இல்லாமல் வாங்கினால் வளையங்களுக்கு நடுவில் மழைத் தண்ணீர் தேங்கும்; அப்படியே விட்டால் காக்கை குச்சி அடுக்க ஆரம்பித்துவிடும்.

இதற்கும் பக் ஆன்டெனாவுக்கும் நடுவில்தான் நல்ல தேர்வு: 15 செ.மீ. அளவுள்ள, பல புள்ளிகளில் சிக்னல் எடுக்கும் (மல்டி-ஃபீட்) சர்வே ஆன்டெனா, அடித்தட்டு உள்ளேயே இருக்கும், கெயின் 38 முதல் 40 டெசிபெல், மின்னழுத்தம் 3 முதல் 16 வோல்ட் வரை ஏற்கும். கையில் இருக்கும் தட்டையான பேட்ச் வகையையே ஓட்டுவதானால் கீழே குறைந்தது 10 செ.மீ. உலோகத் தட்டு வையுங்கள். தட்டு இல்லாத பேட்ச் கீழிருந்தும் கேட்கும். ஹெலிக்ஸ் வகைக்குத் தட்டு வேண்டாம்.

வாங்கும் முன்பே உங்கள் மாடியில் பிரதிபலிப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம். ஜிபிஎஸ் சாட்டிலைட்டின் பாதை 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை அப்படியே திரும்பும். ஒரு சாட்டிலைட்டின் சிக்னல் தரத்தை இரண்டு நாள் வரைந்து, இரண்டாம் நாளை 4 நிமிடம் நகர்த்தி முதல் நாள் மேல் வையுங்கள். ஒரே அலை ஒரே இடத்தில் பொருந்தினால் அது சுவர், தொட்டி. பொருந்தாவிட்டால் வேறு காரணம். கலிலியோவில் இதைச் செய்யாதீர்கள், அது திரும்பப் பத்து நாள் ஆகும்.

#15 வடமராட்சி_வானொலி

இவ்வளவு கதைச்சும் ஒருத்தரும் உயரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. இடத்தை மாறாததாய் வைச்சு நேரத்தை மட்டும் கணிக்கிற ஃபிக்ஸ்ட் மோட்டில், இடத்தைக் கையால் குடுக்கிற ஆக்கள் கவனிக்க வேணும். றிசீவர் கேட்கிறது எலிப்சாயிட் உயரம், பூமியைச் சீரான நீள்கோளமாய் வைச்சு அளக்கிறது. வரைபடத்தில் பார்க்கிறது கடல் மட்ட உயரம். ஐரோப்பாவில் வித்தியாசம் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது மீற்றர், மேல் பக்கமாக. எங்கட பக்கம் உலகத்திலேயே ஆழமான ஜியோயிட் (கடல் மட்டத்தின் வடிவம்) பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இருக்கு, 100 மீற்றருக்கும் மேல் கீழே. சென்னையிலும் 80 மீற்றருக்கு மேல் வரும். அதனால் கடற்கரையில் இருக்கிற வீட்டுக்கு எலிப்சாயிட் உயரம் மைனஸில்தான் வரும். மைனஸைப் பார்த்துப் பிழையெண்டு நினைச்சுத் திருத்தப் போகாதேங்கோ.

கடல் மட்ட உயரத்தைக் குடுத்தால் என்ன நடக்கும்? 85 மீற்றர் எண்டால் 280 நானோ செக்கன். சாட்டிலைட்டுகள் சரிவாக நிக்கிறபடியால் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேரப் பிழையாய் வரும். அதோட சாட்டிலைட் உதிச்சு மறையிற நேரமெல்லாம் அந்தப் பிழையும் குதிக்கும். சில நேரம் றிசீவர் நல்ல சாட்டிலைட்டையே பிழையெண்டு தள்ளிவிடும். என்ஏவி-பிவிடி செய்தியில் இரண்டு உயரமும் தனித்தனியாய் வரும், முதலாவதை எடுங்கோ.

சர்வே-இன் (றிசீவரே தன் இடத்தை அளந்து சராசரி எடுக்கிறது) செய்தாலும் ஒரு மணித்தியாலத்தோட நிப்பாட்டாமல் 24 மணித்தியாலம் விடுங்கோ. உயரத்தில் 3 மீற்றர் பிழை ஏறக்குறைய 7 நானோ செக்கன். அன்ரெனாவை அரை மீற்றர் நகர்த்தினாலும் திரும்பச் செய்ய வேணும்.

#16 நேரக்காவலன்

இது தெரியாமல் கூகுள் மேப் உயரத்தைத்தான் போட இருந்தேன். நன்றி. கேபிள் தாமதத்தை எப்படிப் போடுவது?

#17 குவார்ட்ஸ்பிரியன்

ஆர்ஜி-58-க்கு மீட்டருக்கு 5.05 நானோ செகண்ட், ஆர்ஜி-6-க்குச் சுமார் 4. உங்கள் 35 மீட்டருக்கு 140-ஐ ஒட்டி வரும். ஆனால் ஃபோம் தரத்தைப் பொறுத்து வேகக் குணகம் (ஒளிவேகத்தில் எத்தனை பங்கு) 0.82 முதல் 0.85 வரை போகும், அதிலேயே 5 நானோ செகண்ட் வித்தியாசம். ஆகவே இழுப்பதற்கு முன் சுருளாக இருக்கும்போதே அளந்துவிடுங்கள். நானோவிஎன்ஏ என்ற சிறிய அளவுக்கருவியில் ஒரு முனை, மறுமுனை திறந்தபடி. ரியாக்டன்ஸ் பூஜ்யத்தைக் கடக்கும் இடங்களில் ஒன்றுவிட்டு ஒன்றுக்கு இடையே உள்ள அதிர்வெண் இடைவெளியை எடுத்து, இரண்டால் பெருக்கி, ஒன்றை அதால் வகுத்தால் ஒருவழித் தாமதம். 3.55 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி என்றால் 141 நானோ செகண்ட். 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அளக்காதீர்கள், அங்கே வேகம் சற்று மாறும்.

யூ-பிளாக்ஸில் கேபிள் தாமதம் ஆரம்பத்திலேயே 50 நானோ செகண்ட் என்று இருக்கும். அதோடு 141-ஐக் கூட்டக் கூடாது, அழித்துவிட்டு மொத்த எண்ணைப் போட வேண்டும். ஆன்டெனாவுக்குள் இருக்கும் ஃபில்டரும் சில பத்து நானோ செகண்ட் சேர்க்கும். தரவுத்தாளில் குரூப் டிலே கொடுத்திருந்தால் அதையும் சேருங்கள். 10 மெகாஹெர்ட்ஸுக்கு இது எதுவுமே தேவையில்லை, நிலையான தாமதம் அதிர்வெண்ணைத் தொடாது.

#18 மாடிக்கம்பம்

இடி பாதுகாப்பை விட்டுடாதீங்க. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடியே போட்டுடணும். கேஸ் டியூப் வகை அரெஸ்டர், 90 வோல்ட், டிசி கடத்துறதா பாத்து வாங்குங்க. கால் அலை ஸ்டப் வகை வாங்கினா அது டிசி-யை எர்த்தோட ஷார்ட் பண்ணிடும், ஆன்டெனாவுக்கு சப்ளையே போகாது. கேபிள் கட்டடத்துக்குள்ள நுழையற இடத்துல ஒண்ணு வைங்க, அதோட எர்த்தைக் கட்டடத்து மெயின் எர்த்தோட சேருங்க. ஆன்டெனாவுக்குன்னு தனியா குழி தோண்டி எர்த் போட்டு அதை மெயினோட சேர்க்காம விட்டா, பக்கத்துல இடி விழறப்ப ரெண்டு எர்த்துக்கும் நடுவுல வர்ற வோல்டேஜ் உங்க ரேக் வழியாத்தான் ஓடும்.

ஆன்டெனா கனெக்டருக்குக் கீழ கேபிளை ஒரு வளையம் விட்டுக் கட்டுங்க, தண்ணி அங்க சொட்டிடும். கனெக்டர் மேல தானே ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுத்தி, மேல கறுப்பு பிவிசி டேப். சிலிகான் பூச வேணாம், சிலது காயறப்ப வர்ற ஆசிட் கனெக்டரை அரிச்சிடும்.

#19 நேரக்காவலன்

முடிவு இப்படி: ஆர்ஜி-6 புதிதாக, படிக்கட்டு அறை மேல் ஒரு மீட்டர் கம்பம், 40 டெசிபெல் சர்வே ஆன்டெனா, எல்5 உள்ளது, முன்ஃபில்டர் உள்ளது. கடைசியாக ஒன்று. இதே ஆன்டெனாவை ஒரு பழைய எல்1 ரிசீவருக்கும் பகிர வேண்டும். டிஷ் டிவி ஸ்ப்ளிட்டர் ஆகுமா? போர்டு 3.3 வோல்ட்தான் தருகிறது, பழைய பெட்டி 5 வோல்ட் தரும்.

#20 அலைநீளம்

ஆகும். இரண்டு வழி ஸ்ப்ளிட்டருக்கு 4 டெசிபெல் போனாலும் 40-லிருந்து 10-ம் 4-ம் போக 26 மிஞ்சுகிறது. ஒரே ஒரு வாய் மட்டும் டிசி கடத்துவதாக வாங்குங்கள். இரண்டும் கடத்தினால் 5 வோல்ட் போய் 3.3 வோல்ட் போர்டுக்குள் ஏறும். டிசி வாயில் பழைய பெட்டி, மற்றதில் எஃப்9டி. ஆனால் பழைய பெட்டியை அணைத்தால் ஆன்டெனாவும் அணையும், அதை யோசித்துக்கொள்ளுங்கள். நான் என்றால் இரண்டு வாயிலும் டிசி-யைத் தடுக்கும் டிசி பிளாக் போட்டு, ஸ்ப்ளிட்டருக்கு மேலே, கேபிளில் டிசி ஏற்றும் தனி பயஸ்-டீ வைத்து 5 வோல்ட் லீனியர் சப்ளை கொடுப்பேன்.

அப்படிச் செய்தால் பழைய பெட்டி மின்னோட்டம் ஓடாததைப் பார்த்து 'ஆன்டெனா இல்லை' என்று அலாரம் அடிக்கும். அதன் வாயில், டிசி பிளாக்குக்கு முன்னால், 200 ஓம் ரெசிஸ்டரை 100 நானோஹென்றி சோக்கோடு தொடராக எர்த்துக்குக் கட்டுங்கள். 25 மில்லிஆம்பியர் ஓடும், அலாரம் அடங்கும். ரெசிஸ்டர் கால் வாட்.

#21 சந்தேகி_50ஓம்

மாலை ஏழரை மணிக்கு மேல் எல்5 மட்டும் விட்டு விட்டு அறுந்தால் ஆன்டெனாவைக் கழற்றாதீர்கள். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் இரவுகளில் நம் பக்கம் அயனமண்டலச் சிமிட்டல் வரும், அதிர்வெண் குறையக் குறைய அடி பலம். நள்ளிரவுக்குள் தானே சரியாகும்.

#22 குவார்ட்ஸ்பிரியன்

அதற்கு எந்த ஆன்டெனாவும் மருந்தில்லை. ஜிபிஎஸ்டிஓ மென்பொருளில் பயன்பாட்டில் உள்ள சாட்டிலைட் எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே போனால் லூப்பை நிறுத்தி, கடைசி கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தைப் பிடித்து வைக்கும்படி ஒரு நிபந்தனை எழுதிவிடுங்கள். திரும்பி வந்ததும் பிபிஎஸ் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, 50 நானோ செகண்டுக்கு மேல் இருந்தால் ஒரே தாவலில் சேர்க்காமல் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள்.